என்னங்குறான்?

அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மதியம் குடோனில் நாங்கள் எல்லாரும் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். அவர் மட்டும் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். "உக்காருங்கண்ணே" என்றால், "உக்காந்தா எறங்காது பாய்" என்பார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த கம்பெனி அது. ஹோட்டல்களுக்கும் கல்யாணங்களுக்கும் மேடை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுவது தொழில். அவருக்குக் கேபிள் வேலை. மேடைக்கு மேடை ஒயர் இழுப்பார், நிகழ்ச்சி முடிந்ததும் சுருட்டிப் பெட்டியில் அடுக்குவார். பரமக்குடிப் பக்கத்துக்காரர். நான் அதிராம்பட்டினம். ஆபீஸில் எனக்குக் காகித வேலை: கடிதம் டைப் அடிப்பது, வருகைப் பதிவு, விசாப் பேப்பர். அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன். அவருக்கு நான் பாய்.

எதைக் கேட்டாலும் அதற்கு அர்த்தம் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. டிவியில் அரபிச் செய்தி ஓடும். நாங்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்போம். அவர் எகிப்து டிரைவரின் தோளைத் தட்டி, அந்த டிரைவர் உடைந்த இந்தியில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்வார். மலையாளப் படம் போட்டால் பாதியில் நிறுத்திவிடுவார். "என்னங்குறான்?" இதுதான் கேள்வி. கேம்ப்பில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. காலையில் பஸ்ஸில் தலை எண்ணும்போது, "என்னங்குறான் ஏறியாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் "ஏறியாச்சு" என்பார்.

இந்தக் குணம் எப்போதும் வேடிக்கையாக இருந்தது என்று சொல்ல முடியாது. எங்களிடம் ஒரு பட்டான் லாரி டிரைவர் இருந்தார். வண்டி ஓட்டும்போது மெதுவாக ஒரு பாட்டைத் தன் மொழியில் முனகுவார். இவர் மூன்று நாள் விடாமல், "பாய், கியா போல்தா ஹை?" என்று அதே கேள்வியை இந்தியில் கேட்டு நச்சரித்தார். நான்காம் நாள் அந்த மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறந்துபோன மகளுக்குத் தான் கட்டிய பாட்டு அது என்று சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் அதைப் பாடவே இல்லை. நான் இவரைக் கடிந்துகொண்டேன்.

"தெரியாமலே கேட்டுட்டு இருந்திருக்கணுமா பாய்? அந்தாளு பிள்ளைக்கு அழுதுட்டு வண்டி ஓட்டுறாரு, நான் பக்கத்துல உக்காந்து தாளம் போட்டுக்கிட்டு வர்றேன். அது நல்லாவா இருக்கு?" என்றார்.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில், தன் காகிதத்தில் குத்திய முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால்தான் நகர்வேன் என்று நின்றார். பின்னால் நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். கடைசியில் காவலாளி வந்து வாசித்துச் சொன்னார். அதில் தேதி மட்டும்தான் இருந்தது.

துபாயில் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்கு வியாழக்கிழமைதோறும் எங்கள் லாரி போகும். டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்க நானும் போவேன். அங்கே லத்தீன் அமெரிக்கர்கள் வாசிக்கும் ஒரு குழு இருந்தது. பாட கொலம்பியாப் பெண் ஒருத்தி, டிரம்ஸுக்கு மெக்சிகோக்காரர், பேஸ் கிட்டாருக்கு அர்ஜென்டினாக்காரர். விருந்தினர் வந்த பிறகு இவர்கள் வாசிப்பது இடுப்பை அசைத்து ஆடுகிற பாட்டுகள். ஹோட்டலுக்கு வேண்டியது அதுதான். ஆனால் மதியம் மூன்று மணிக்கு, காலி நாற்காலிகளுக்கு முன்னால், மைக்கும் ஸ்பீக்கரும் சரிபார்க்கும் நேரத்தில் அவர்கள் வாசித்தது வேறு. கிட்டார் ரம்பம் போல அறுக்கும். அந்தப் பெண் குரலை உடைத்துக்கொண்டு கத்துவாள். ஸ்பானிஷ் மொழியில் ராக்.

முதல் நாள் அதைக் கேட்டபோது அவர் பாதி சுருட்டிய ஒயரோடு அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு நேரம் அவர் ஒரே இடத்தில் நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"என்னங்குறா பாய்?"

எனக்கு ஸ்பானிஷ் எங்கே தெரியும். அர்ஜென்டினாக்காரருக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கும் தெரியும். அப்படித்தான் நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அந்தக் குழுவுக்கு ஹோட்டலில் ஆறு மாத ஒப்பந்தம். அந்த ஆறு மாதமும் வியாழக்கிழமை மதியங்களில், ஹோட்டல் சமையல்கட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில், அர்ஜென்டினாக்காரர் சிகரெட் பிடிக்க வரும் இடத்தில் இந்த வகுப்பு நடந்தது. ஒரு வாரம் ஒரு பாட்டு. அர்ஜென்டினாக்காரர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், இவர் வெள்ளை டேப்பைக் கிழித்து அதில் மார்க்கரால் எழுதிப் பெட்டி மூடிகளின் உட்பக்கம் ஒட்டிவைப்பார். தெரு, நாளைக்கு, பொய், பசி, என் பேட்டை. ஒயர்ப் பெட்டியைத் திறந்தால் ஸ்பானிஷ் அகராதி.

ஒருநாள் பாடகி 'காயே' என்று பாடுவதையும் அர்ஜென்டினாக்காரர் 'காஷே' என்று சொல்வதையும் பிடித்துக்கொண்டார். ரெண்டும் வேற வேற வார்த்தையா என்று கேட்கச் சொன்னார். அர்ஜென்டினாக்காரர் சிரித்தார். இரண்டும் தெருதான், அவர்கள் ஊரில் ஒரு மாதிரி, எங்கள் ஊரில் ஒரு மாதிரி என்றார். இவருக்குப் பெரிய சந்தோஷம். "நீங்க வாழப்பழங்குறீங்க, நான் வாளப்பளங்குறேன், அந்த மாதிரிதானே?" என்றார். இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல முயன்று தோற்றேன்.

அந்தச் சந்தில் நின்றுதான் நாங்கள் அந்தப் பாட்டுகளின் கதையையும் கேட்டோம். முதலில் அவர்கள் தேசங்களிலும் ஆங்கிலப் பாட்டுகளைத்தான் பாடினார்களாம். பிறகு அதே மெட்டுக்கு ஸ்பானிஷ் வார்த்தை போட்டுப் பாடினார்கள். அப்புறம் யாரோ சிலர், மெட்டையும் நாமே போட்டால் என்ன, நம் தெருவைப் பற்றியே பாடினால் என்ன என்று ஆரம்பித்தார்கள். அரசாங்கங்களுக்கு அது பிடிக்கவில்லை. மெக்சிகோவில் ஒரு பெரிய திறந்தவெளிக் கூட்டத்துக்குப் பிறகு மேடைகளை எல்லாம் மூடிவிட்டார்களாம். பாடியவர்கள் ஊருக்கு வெளியே கொட்டகைகளில் போய்ப் பாடினார்கள். ஸ்பெயினில் சர்வாதிகாரி சாகும்வரை அடங்கிக் கிடந்து, செத்த பிறகு தெருவெல்லாம் பாட்டானது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி.

"பாட்டு நடக்கும் இடத்துக்குப் போலீஸ் வரும். இது எதைப் பற்றிய பாட்டு என்று கேட்கும். ஒரு பெண்ணைப் பற்றியது என்போம். எல்லாப் பாட்டும் ஒரு பெண்ணைப் பற்றியதுதான்" என்றார் அர்ஜென்டினாக்காரர்.

பிறகு இங்கிலாந்தோடு சண்டை வந்தது. எதிரி மொழிப் பாட்டு ரேடியோவில் கூடாது என்று ராணுவம் உத்தரவு போட்டது. ரேடியோக்காரர்களுக்கு நாள் முழுக்கப் போட வேறு எதுவும் இல்லை. அதுவரை ஒளித்துப் பாடிய பாட்டுகளை எடுத்துப் போட்டார்கள். அர்ஜென்டினாக்காரருக்கு அப்போது பத்தொன்பது வயது, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பாசறை ரேடியோவில் தன் பேட்டையின் பெயர் ஒரு பாட்டில் வந்ததைக் கேட்டாராம். சண்டையில் தோற்றோம், அதற்கப்புறம் அந்தப் பாட்டுகளை யாராலும் நிறுத்த முடியவில்லை, எல்லை தாண்டிச் சிலே, பெரு, மெக்சிகோ என்று போய்விட்டன என்றார்.

"ஒரு பாட்டு ரேடியோவுல வர்றதுக்கு இத்தன பேரு சாகணுமா?" என்று இவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அர்ஜென்டினாக்காரர் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

ஒப்பந்தம் முடிந்து அந்தக் குழு தோஹாவுக்குக் கிளம்பும் வாரம், அர்ஜென்டினாக்காரர் கேட்டார்: "ஆறு மாதம் என் பாட்டுக்கெல்லாம் அர்த்தம் கேட்டாய். இப்போது நீ பாடு, நான் கேட்கிறேன்."

இவர் ஒரு சினிமாப் பாட்டைப் பாடினார். குரல் கனமான குரல், நன்றாகவே இருந்தது. நான் அர்த்தம் சொன்னேன். யார் எழுதியது என்று அர்ஜென்டினாக்காரர் கேட்டார். சினிமாக்காரர்கள் எழுதியது என்றேன். அவர் தலையாட்டினார். "இதில் உன் தெரு எங்கே?" என்றார்.

திரும்பும்போது லாரியில் இவருடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த நாட்களில் இன்னும் மோசம். ஒயரைச் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடி சுருட்டுவார். கேம்ப்பில் கட்டிலை மூன்று தடவை இடம் மாற்றிப் போட்டார். வெள்ளிக்கிழமை காலைகளில் குடோனைத் திறந்து, விளக்குப் பிரிவிலிருந்த பிலிப்பினோ ஒருவரை டிரம்ஸில் உட்கார வைத்தார். கோவாக்காரர் ஒருவர் கிட்டார் வாசித்தார். பெட்டிகளுக்கா பஞ்சம், ஊரை எழுப்புகிற ஸ்பீக்கர் இருந்தது. "என்ன பாட்டுண்ணே?" என்று கேட்டால், "கேக்கும்போது கேளுங்க" என்பார்.

எங்கள் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேம்ப்பிலிருந்து குடோனுக்கு ஐம்பது பேரை ஏற்றி வருகிற பழைய பஸ். பின்பக்கத்து அவசரக் கதவின் பூட்டு உடைந்துபோனது. ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளும் என்று கம்பியைக் கொடுத்து இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ரிப்பேர் செய்யச் சொல்லி நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மேனேஜரின் மேஜையில் அது கிடந்தது. பிறகு நான் எழுதவில்லை.

கம்பெனி ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு, குடோனிலேயே நடந்தது. பிரியாணி, பரிசுகள், யார் வேண்டுமானாலும் பாடலாம். மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். பரமக்குடிக்காரர் மேடையேறினார். டிரம்ஸ் விழுந்த வேகத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

*விடியும் முன்ன எழுப்பி வண்டியில ஏத்துனீங்க*
*முன்கதவ இழுத்துச் சாத்துனீங்க*
*பின்கதவக் கம்பியால கட்டி வச்சீங்க*
*தீப்பிடிச்சா நாங்க எந்தப் பக்கம் எறங்க*

எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். தமிழர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்துகொண்டார்கள். அர்த்தம் தெரியாத மலையாளிகளும் வங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். நூற்றைம்பது பேர் எந்தப் பக்கம் என்று கத்தினார்கள்.

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் சாய்ந்தார். "பிரமாதம். என்ன பாடுகிறான்?"

"லவ் சாங், ஸார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். கூட்டத்தோடு சேர்ந்து தனக்கு வந்த மட்டும், "எந்தா பக்கா, எந்தா பக்கா" என்று பாடவும் செய்தார். மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். ஒரு வரியைத் தவறவிட்டார்.

சனிக்கிழமை காலை மேனேஜர் அவரைக் கூப்பிட்டு ஒரு மொபைல் போன் பரிசாகக் கொடுத்தாராம். காதலைப் பற்றி இவ்வளவு ஆவேசமாக யாரும் பாடிக் கேட்டதில்லை என்றாராம். இவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். போனோடு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அவருட்ட என்ன சொன்னீங்க?"

நான் சொன்னேன். "உங்களக் காப்பாத்தத்தாண்ணே. அந்த அர்ஜென்டினாக்காரர் சொன்ன மாதிரி."

"அவுகளுக்குத் துப்பாக்கிக்குப் பயம் பாய். நமக்கு என்ன, ஊருக்கு டிக்கெட்டுதானே. ஆறு மாசமா ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் கேட்டு உங்க உசுர வாங்கியிருக்கேன். என் பாட்டுக்கு ஒருத்தன் அர்த்தம் கேட்டான். மொத மொதல்ல ஒருத்தன் கேட்டான். நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாங்க," என்று என்னை மேனேஜர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். போனை மேஜைமேல் வைத்தார். "நான் பாடுறேன், பாய் சொல்லுவாரு" என்று தன் ஆங்கிலத்தில் மேனேஜரிடம் சொன்னார். மெட்டில்லாமல் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரிக்கு, பின்கதவு கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது என்றேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பாய், கட்டியிருக்குன்னா சொன்னேன்? கட்டி வச்சீங்கன்னு சொன்னேன். யாரு கட்டுனதுன்னு அதுல இருக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்ன திருத்துகிறான்?"

"நீங்கள் கட்டினீர்கள் என்கிறார், ஸார்" என்றேன்.

மேனேஜர் பஸ்ஸின் நம்பரைக் கேட்டார். தன் மேஜை டெலிபோனை எடுத்து ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டு அரபியில் யாரையோ திட்டினார். அடுத்த நாள் சாயங்காலம் பஸ்ஸுக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கையால் திறக்கலாம். கேம்ப்பில் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். அவரைத் தோளில் தூக்க வந்தார்கள், அவர் ஓடி ஒளிந்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் அறையை விட்டு வெளியே வரும்போது மேனேஜர் என்னை மட்டும் நிறுத்தி, "எல்லார் முன்னாலும் நான் கை தட்டினேன்" என்றார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உண்மையை நான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபப்பட்டிருப்பார். தன்னை எதிர்த்துப் பாடிய பாட்டைத் தானே எழுந்து நின்று பாடியிருக்க மாட்டார்.

பரமக்குடிக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. மஸ்கட்டில், ரூவி பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். குவைத்தில் ஃபஹாஹீலில் இருக்கிறார், அங்கே வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்து பாடுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுமே உண்மையாக இருக்கும். ஒரே ஊரில் தங்குகிற ஆளில்லை.

அந்த ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் கழித்து அவருடைய விசா முடிகிற நேரம் வந்தது. மேனேஜர் ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு அவரிடம் அனுப்பினார்கள். மதியம் அந்தக் காகிதத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதுல என்னங்குறான் பாய்?"

நான் குனிந்து வாசித்தேன். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் உத்தேசம் கம்பெனிக்கு இல்லை. உங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை. வருங்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். அவர் என் மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டே கேட்டார்.

"தேவப்படலங்குறதுக்குக் காரணம் போட்டிருக்கா?"

"இல்லண்ணே."

"இது பரவால்ல. அர்த்தம் தெரிஞ்சு போடுற கையெழுத்து. பம்பாய்ல ஏஜெண்டு ஆபீஸ்ல ஒரு பேப்பர நீட்டுனான். பூரா அரபி. எலக்ட்ரீசியன்னுதான் போட்டிருக்குன்னான். கேக்காமப் போட்டேன். இங்க வந்து எறங்கின பெறகு ஒரு சூடானிகிட்டக் காட்டுனேன். சுமை தூக்குறவன்னு இருக்குன்னாரு. அன்னையிலருந்துதான் இந்த வியாதி."

அவர் தன் கதை என்று என்னிடம் சொன்னது இந்த ஒன்றுதான்.

"அண்ணே, இந்தக் கடிதத்த அடிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும். இந்த ஆபீஸ்ல வேற யாரு அடிப்பா." காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார். "அர்த்தமெல்லாம் சரியாத்தான் சொல்றீங்க பாய். சத்தந்தான் பத்தல. முன்னால நிக்கிற எனக்கே பாதி கேக்கல. இன்னொருக்கா வாசிங்க. எந்திரிச்சு நின்னு வாசிங்க."

ஆபீஸ் கதவு குடோன் பக்கம் திறந்திருந்தது. உள்ளே இருபது முப்பது பேர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். கதவுக்குப் போனேன். முதல் வரியில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வரியில் பெட்டி தள்ளுகிற சத்தம் நின்றது. தமிழில் வாசித்துவிட்டு இந்தியிலும் சொன்னேன். உத்தேசம் கம்பெனிக்கு இல்லை என்ற இடத்தில், எனக்குப் பின்னால் மேனேஜர் அறைக் கதவு திறந்தது கேட்டது. நான் நிறுத்தவில்லை. வருங்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்பது வரை வாசித்தேன்.

அடுத்த மாதம் அதே கடிதத்தை மறுபடியும் டைப் அடித்தேன். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பெயர் என்னுடையது.